பாட்டிலில் போட்ட கோடு

காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பான். பால் காய்ச்சுவான். ஒரு கோப்பையில் டீ, வாய் அகன்ற இன்னொரு கோப்பையில் பால். இரண்டையும் மேசையில் வைப்பான். மிச்சப் பாலை ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைப்பான். குளிப்பான். டீயை நின்றபடியே குடிப்பான். சட்டை, சாவி, செருப்பு. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவான்.

பூனைக்குட்டி வந்த பிறகு இதில் இரண்டு வேலை கூடியது. அது வெளிக்குப் போகும் மண் தட்டைச் சுத்தம் செய்வது. அதற்கு முன், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

அன்றும் தண்ணீராகத்தான் இருந்தது.

குட்டி அவன் வேலை செய்யும் குடிநீர் ஆய்வகத்தின் பின்வாசலில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. யார் எடுத்துப் போவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். வீட்டில் கேட்பதற்கு ஆளில்லாதவன் அவன் ஒருவன்தான். பெட்டியோடு வந்ததால் பொட்டலம் என்று பெயர் வைத்தான். முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாற்காலியில் ஏறவும், அங்கிருந்து மேசைக்குத் தாவவும் கற்றுக்கொண்ட பிறகுதான் வயிறு கெட்டது. குட்டி இளைத்துக்கொண்டே போனது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குட்டியின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் உடனே இறங்காமல் கூடாரம் போல நின்றது.

"உடம்புல தண்ணியே இல்லை. பூச்சிக்கு மருந்து குடுத்தாச்சு, டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லை. என்ன குடுக்கறீங்க?"

"நீங்க சொன்னதுதான். வேகவச்ச கோழி. தண்ணி."

அவள் குட்டியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். "கோழியா? பால் வாசனை தூக்கி அடிக்குது."

"நான் பால் குடுக்கறதில்லை."

"அப்ப இதுவே கடைக்குப் போய் வாங்கிக் குடிக்குதா? பூனைன்னாலே பாலுன்னு ஊரே நினைச்சிட்டிருக்கு. மாட்டுப்பால் இதுக்கெல்லாம் செரிக்காது. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்லை." குட்டியைத் துண்டில் சுற்றினான். "பகல்ல மாமியார் வருவாங்க."

"அவங்ககிட்ட சொல்லிடுங்க. இன்னொரு தடவை இப்படி வத்திப்போச்சுன்னா என்கிட்ட தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்லை."

குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். நெடுநாளைக்குப் பிறகு அவன் உடம்பு எதையோ உணர்ந்தது.

மாமியாரிடம் ஒரு சாவி இருந்தது. மகள் போன பிறகு அவளாகவே வரத் தொடங்கினாள். பெருக்குவாள், பாத்திரம் கழுவுவாள், ஏதாவது சமைத்து வைத்துவிட்டு அவன் வருவதற்குள் போய்விடுவாள். அவன் வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. குட்டியை முதன்முதலில் பார்த்த அன்று போனில், "இருக்கிற அலங்கோலம் போதாதுன்னு இது வேறயா மாப்பிள்ளை?" என்று கேட்டது மட்டும் நினைவிருந்தது. இப்போது அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டது.

போனில் கேட்டான். "அத்தை, பூனைக்குப் பால் ஏதாவது வைக்கறீங்களா?"

"நானா? அதைக் கண்டாலே எனக்குத் தும்மல் வருது. அதுக்கு விருந்து வேற வைக்கணுமா?"

பதில் ரொம்ப வேகமாக வந்ததாக அவனுக்குப் பட்டது.

நீரில் கலந்திருப்பது எங்கிருந்து வந்தது என்று தேடுவது அவன் தொழில். மறுநாள் காலை பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கும்போது பால் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டான். சாயங்காலம் வந்து பார்த்தான். பால் கோட்டிலேயே நின்றது. பொட்டலத்தின் வாயை முகர்ந்தான். பால் வாசனை. மண் தட்டு பழையபடி. அடுத்த நாளும் அப்படியே. கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் பாத்திரக் கூடையில் ஈரமாக இருந்தன. தரை துடைத்திருந்தது. எல்லாம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதாகத் தோன்றியது. அப்படியென்றால் தன் வீட்டிலிருந்து பால் கொண்டுவருகிறாள். கோடு போட்டிருப்பதையும் பார்த்திருப்பாள். கெட்டிக்காரி.

அன்று பொட்டலம் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. கண்ணை மட்டும் திறந்து மூடியது. சாவியைத் திருப்பி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் மதியத்துக்கு முன்பே ஆய்வகத்தில் சொல்லிவிட்டு வந்தான். கதவைச் சத்தமில்லாமல் திறந்தான். சமையலறைத் தொட்டியருகே மாமியார் நின்றிருந்தாள். கையில் வாய் அகன்ற கோப்பை. அதிலிருந்து பாலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ, என்ன மாப்பிள்ளை திருடன் மாதிரி!"

"யாரு திருடன்? கையில என்ன?"

"கோப்பை."

"கோப்பையில?"

அவள் கோப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு அது போதும்.

"பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். வாயில்லா ஜீவனை இப்படிக் கொல்லணுமா? டாக்டர் கைவிரிச்சிடுவாங்க போலிருக்கு. சாவியைக் குடுங்க."

"நான் கொல்றேனா?" அவள் குரல் உயர்ந்தது. "பெத்த பொண்ணைத் தூக்கிக் குடுத்தவ நான், ஒரு பூனையைக் கொல்லுவேனா?" இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தாங்க. ஆனா பாலை நான் வைக்கலை. நீங்கதான் வைக்கறீங்க."

"நான் டீ மட்டும்தான் போடறேன்."

"பாத்திரம் கழுவறவளுக்குத் தெரியாதா? ரெண்டு கோப்பை. தினமும் ரெண்டு கோப்பை. ஒண்ணுல பால். என் பொண்ணு டீ குடிக்கமாட்டாள்ல. அவ போனதுலேர்ந்து ஒருநாள் தவறலை. அவ நாற்காலிக்கு நேரா வச்சிட்டுப் போறீங்க. நான் வந்து கொட்டிக் கழுவிடுவேன். சொன்னா உடைஞ்சிடுவீங்கன்னு சொல்லலை."

அவன் மேசையைப் பார்த்தான். மனைவியின் நாற்காலிக்கு நேராக, கோப்பை இருந்த இடத்தில் ஈர வட்டம். வட்டத்திலிருந்து மேசை விளிம்பு வரை சின்னச் சின்ன வெள்ளைத் தடங்கள். நாற்காலியின் மேல் பொட்டலம் சுருண்டு கிடந்தது. மூக்கிலும் மீசையிலும் பால்.

மூக்கருகே விரலை வைத்தான். மூச்சு இருந்தது.

"கொஞ்ச நாளா பாதி காலியா இருந்துது," என்றாள் அவள் மெதுவாக. "சரி, அதை எடுத்து நீங்களே குடிக்க ஆரம்பிச்சிட்டீங்க போலன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துது மாப்பிள்ளை. பூனை ஞாபகமே வரலை. பால் வைக்கறீங்களான்னு நீங்க போன்ல கேட்டப்பக்கூட, என்னைச் சொல்றீங்களேன்னுதான் பட்டுது, இந்தக் கோப்பை தோணலை."

அவன் உட்கார்ந்தான். குட்டியை மடியில் எடுத்து வைத்து, டாக்டரம்மா கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டான். முதல் சொட்டு வழிந்தது. அடுத்ததை நக்கியது. மாமியார் தும்மிக்கொண்டே பக்கத்தில் நின்று, துணியால் அதன் மீசையைத் துடைத்தாள்.

"சாவியை எடுத்துக்குங்க அத்தை."

அவள் எடுத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியபடி கேட்டாள். "எதுக்கு தினமும் வைக்கறீங்க?"

அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. காரியத்தன்று வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். போயிட்டு வரேன்னு சொன்னா என்று எல்லாரிடமும் ஒன்றுபோலச் சொல்லியிருந்தான். இவளிடமும். கேட்க நன்றாக இருந்தது. அவர்களும் அழுதார்கள்.

"அன்னிக்கு அவ போயிட்டு வரேன்னு சொல்லலை அத்தை."

"பின்ன?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. பால்ல ஒரு வாய் வச்சா, நாக்கு சுட்டுடுச்சு. வாசல்லேர்ந்து கத்தினா."

"என்னன்னு?"

"பாலை மூடி வைடா, பூனை கீனை வந்துடப்போகுது, சாயங்காலம் வந்து குடிக்கறேன்."