மிச்சம் பிடித்த தண்ணீர்

அப்பாவின் தலைக்கடியிலிருந்து தலையணையை அவள் உருவிக்கொண்டிருந்தபோது மதகுக்காரர் வந்தார். வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு என்று அளந்து திறந்துவிடுகிறவர். சற்று நேரம் உடலைப் பார்த்து நின்றுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் குனிந்தார்.

"அண்ணன் மிச்சம் பிடிச்ச பங்கையும் இன்னைக்கிலருந்து உங்க மடைக்கே திறக்கச் சொல்லி உத்தரவு. இந்த நேரத்துல வேணாம்னா தள்ளிப் போட்டுக்கலாம்."

"அப்புறம் பேசுவோம்," என்றார் சித்தப்பா அவசரமாக.

அவள் நிமிர்ந்தாள். மதகுக்காரர் மெல்ல வெளியே நழுவினார்.

வயலில் சொட்டுநீர்க் குழாய் போட்டு அப்பா பாதித் தண்ணீரை மிச்சம் பிடித்திருந்தார். மிச்சம் பிடித்தவருக்கே அது உரிமை என்றது சட்டம். அதைக் கொண்டு தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்தை அவளுக்குத் தோட்டமாக்கித் தருவதாகப் பேச்சு. அப்பாவும் மகளும் கல் பொறுக்கியே கை காய்த்துப்போனார்கள். அதுவரைக்கும், "தம்பி பயிர் வாடுதே" என்று மிச்சத்தைக் கீழே சித்தப்பா வயலுக்கு விட்டார். மேட்டு நிலம் தயாரானபோது உரிமை போயிருந்தது. பயன்படுத்தாமல் விட்ட தண்ணீராம்; பயன்படுத்தியவருக்கே சொந்தமாம். விசாரணைக்குப் போய்வந்த அப்பா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, படுத்தவர் எழவுமில்லை. சித்தப்பா தினமும் வந்து அண்ணனுக்குக் கால் பிடித்துவிட்டார். பாவம், கூடப்பிறந்த பாசம் என்று அவளும் உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"விசாரணையில நீங்கதான் சொன்னீங்களா சித்தப்பா?"

"கேட்டாங்கம்மா. அண்ணன் வேணாம்னு விட்டதுதானேன்னேன்."

"வேணாம்னா விட்டாரு? உங்களுக்காக விட்டாரு."

"எனக்கும் புள்ளைங்க இருக்கே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "பக்கத்துலதான் நின்னாரு. வெளிய வந்ததும், 'புள்ளைகிட்டச் சொல்லிடாதடா, அப்புறம் உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா'ன்னாரு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் எல்லாம் தெரிந்துகொண்டேதான், அவள் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

தூக்குகிற நேரம் வந்தது. தலைமாட்டுக்கு வந்த சித்தப்பா தோளைக் கொடுக்கக் குனிந்தார். அவள் அவரை விலக்கவில்லை; முன்னால் போய் அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தாள்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. வெறுங்காலோடு நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின், பக்கத்தில் வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "உன் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு உங்க சித்தப்பா பின்னால வர்றாரும்மா."

அவள் தோளை மாற்றிக்கொள்ளாமல் நடந்தாள்.