பதினேழாம் எண் வேடியப்பன்

என் தம்பி சிலம்பரசன் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. காகிதத்தில் அவன் இன்னும் இறக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

2014இல் தர்மபுரியில் ஒரு போட்டியில் அவன் ஆடியதைப் பார்த்து, கோவாவில் உள்ள கால்பந்துப் பயிற்சிக் கூடத்துக்கு ஆள் எடுக்கும் சவுரியப்பன் என்பவர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா இறந்த பிறகு வீட்டில் எழுதப் படிக்க நான்தான். அம்மா புளி தட்டப் போயிருந்தாள்.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்குது. ஆனா பதினஞ்சுக்குக் கீழதான் எடுக்கறோம். இவனுக்குப் பதினேழு ஆயிடுச்சே. தம்பி யாராச்சும் இருக்கறானாம்மா?"

"இருந்தான் சார். வேடியப்பன்னு. மூணு வயசுல காய்ச்சல்ல போய்ட்டான்."

"எறப்பைப் பதிஞ்சீங்களா?"

பதியவில்லை. எங்கள் பக்கம் சின்னக் குழந்தை போனால் பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டுக் குளித்துவிட்டு வருவார்கள். அதற்கென்று யாரும் ஆபீசுக்குப் போனதில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவனுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் தகரப் பெட்டியில் கிடந்தது. சிலம்பு ஒல்லி, குள்ளம். பதினான்கு என்றால் நம்புவார்கள். சவுரியப்பன் படிவத்தை நீட்டினார். நான் வேடியப்பன் என்று எழுதினேன். அம்மாவைக் கேட்கவில்லை.

அதன் பிறகு கோவா, கேரளா, நேபாளத்தில் ஒரு பருவம், வங்கதேசத்தில் இரண்டு, கடைசியாக மாலத்தீவு. இடது ஓரத்தில் ஓடுவான். சட்டையில் பதினேழு, அதற்கு மேல் வேடியப்பன். போனில் கேலியாகத்தான் பேசுவான்.

"கோல் போட்டா அவன் பேரு பெருசா வருதுக்கா. அடி வாங்கறப்ப மட்டும் காலு என்னோடது."

வருடா வருடம் வேடியப்பன் பிறந்த நாளில் அணிக்காரர்கள் கேக் வெட்டி அவன் முகத்தில் பூசுவார்கள். அந்தப் படங்களை எனக்கு மட்டும் அனுப்புவான். நான் பார்த்ததும் அழித்துவிடுவேன்.

நேபாள ஆட்டம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வர்ணனை செய்பவர் மூச்சு விடாமல், "வேடியப்பன்! வேடியப்பன்!" என்று கத்தினார். அம்மாவின் கையிலிருந்த முறம் விழுந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிதறிய அவரையைப் பொறுக்கிக்கொண்டே, "நல்லா ஓடறானா?" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் எல்லா ஆட்டத்தையும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். திரையைப் பார்க்க மாட்டாள், கேட்பாள்.

மாலத்தீவிலிருந்து ஒரு நாள் சிலம்பு கூப்பிட்டான். "அக்கா, என் பேரைச் சொல்லி ஒருக்கா கூப்பிடு."

"எதுக்குடா?"

"சும்மாதான். இங்க யாருக்கும் தெரியாதில்ல."

"சிலம்பா," என்றேன். "இன்னொருக்கா," என்றான்.

நான்கு மாதம் கழித்து, காலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். இதயம் என்றார்கள். பெட்டி சென்னைக்கு வந்தது. அடையாளம் காட்டி, வேடியப்பன் உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். வேறு பெயர் சொன்னால் பெட்டியை விடமாட்டார்கள். இறப்புச் சான்றிதழும் அந்தப் பெயரில்தான். அதில் வயது இருபத்து மூன்று. என் தம்பிக்கு இருபத்தாறு.

ஊர் முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்து அம்மா, "வேடியப்பா, என் சாமீ," என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரை சிலம்பு என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. அதிர்ச்சியில் அப்படி என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன மாதம் அங்கன்வாடி டீச்சர் நிர்மலா வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தாள். சாவுக்கு வந்திருந்தவள்தான், எல்லாம் தெரிந்தவள். குரலைத் தாழ்த்தி, "சிலம்பரசன்னு ஒரு ஓட்டு இருக்குதுங்க்கா. இறந்துட்டாருன்னு போட்டுக்கட்டுங்களா? நீங்க கையெழுத்துப் போட்டா மேல எடுத்துச் சொல்லிப் பாக்கறேன்," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஒரு காகிதத்திலாவது அவன் தன் பெயரில் சாகட்டும். பேனாவை வாங்கினேன்.

புழக்கடையிலிருந்து அம்மா வந்தாள். "பெரியவன் இருக்கறாங் கண்ணு. வெளிநாட்டுல ஆடறான். சின்னவன்தான் போய்ட்டான்."

"அம்மா, உள்ள போ."

"ஏன் போவோணும்? எனக்குப் புத்தி கெட்டுப்போச்சின்னு நெனைக்கறியா?" அவள் குரல் தெளிவாக இருந்தது. "பெட்டியில யாரு இருந்தான்னு பெத்தவளுக்குத் தெரியாதா? சின்னவன் போனப்ப, கொழந்தைக்கு அழுவக் கூடாதுன்னு உங்க ஆயா என் வாயப் பொத்துனா. இருவது வருசம் அடக்கி வெச்சிருந்தேன். அன்னிக்கித்தான் அவனுக்கு அழுதேன். பெரியவனுக்கு இன்னும் அழுவல. அழுதா அவனும் போயிருவான். எழுதாத."

நிர்மலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு நாள் வரட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன். இருக்கிறார் என்ற கட்டத்தில் குறியிட்டு, உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் வண்டி திருப்பத்தைத் தாண்டும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எந்த நாட்டுல இருக்கறான்?"

எனக்குத் தெரிந்த நாடுகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

"யாரையாச்சும் கேட்டுச் சொல்றேம்மா," என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டேன். நாளைக்கும் கேட்பாள். "கத்தார்," என்றேன்.

"வெயிலு அதிகமா இருக்குமே," என்றாள் அம்மா.