ஏழு மணிச் சங்கு

படத்தில் காட்டிய ஜாக்கிரதையை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒலிப்பதிவில் காட்டவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

அவர் இருந்த பறவை பார்ப்போர் குழுவில் நூற்று நாற்பது பேர். காலையில் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, போனில் குழுவைத் திறந்துவிடுவார்கள். எந்த ஏரியில் எத்தனை நாரை இறங்கியது, எந்தத் தொலைநோக்கி மலிவு, வாத்துகள் இந்த வருஷம் ஏன் தாமதம் என்று எல்லாம் அங்கே ஓடும். சண்டையும் ஓடும். ஒரு பருந்தின் வால் நுனி கறுப்பா பழுப்பா என்ற விவகாரத்தில் இரண்டு பேர் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. கூடு கண்டால் வாய் மூடு. குஞ்சு இருக்கும் இடத்தைப் பெற்ற அப்பன் கேட்டாலும் சொல்லக்கூடாது.

அவர் கண்டதோ ராஜாளிக் கூடு. ராஜாளிக் குஞ்சை வாங்கி வேட்டைக்குப் பழக்க எங்கெங்கோ பணக்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் திருடிக் கொடுக்க ஆளும் இருக்கிறது. மூடிப்போன ஓட்டுக் கம்பெனியின் புகைபோக்கியில், உச்சிக்குச் சற்றுக் கீழே செங்கல் உதிர்ந்த பொந்தில், மூன்று குஞ்சுகள். பறக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும். இடம் தெரிந்தவர்கள் அவரும் அவர் மனைவியும் மட்டுமே. "நீங்க பாட்டுக்கு எங்கயாவது மயங்கி விழுந்து கிடந்தா நான் எங்கன்னு போய்த் தேடறது?" என்று அவள் அடம்பிடித்ததால் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

குழுவில் படம் போடும்போது அவர் செய்யாத சூதானம் இல்லை. புகைபோக்கி தெரியாமல் வெட்டினார், படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இட விவரத்தை அழித்தார். ஆனால் ஒருநாள் காலை தாய் இரையோடு வந்தபோது மூன்று குஞ்சுகளும் சேர்ந்து கத்திய கத்தல் இருக்கிறதே, அதில் மனுஷன் சொக்கிப்போய்விட்டார். நாற்பது நொடி பதிவு செய்து குழுவில் போட்டார். பாராட்டு குவிந்தது.

மத்தியானம் ஒரு சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் குழுவில் புதிது. பெயருக்குப் பதில் நீலத்தொப்பி என்று போட்டிருந்தான்.

"குஞ்சுங்க சத்தம் அருமை சார். பின்னால ஏழு மணிச் சங்கும் நல்லாக் கேக்குது. ரயில்வே கேட் மணிகூட."

அவர் சட்டத்தைக் கீழே வைத்தார். பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். நூல் மில் சங்கு கணீரென்று ஊதியது. ஊரில் அந்தச் சங்கு ஒன்றுதான், அந்த கேட்டும் ஒன்றுதான். பறவையைக் கேட்ட காது அதைக் கேட்கவே இல்லை. பதிவை அழித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கே அந்தக் கதி.

குழுவை நடத்தும் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைக்காரர் அவரைப் போனில் பிடித்து அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார்.

"பதறாத தம்பி. வனத்துறை அதிகாரிங்களுக்கு எழுதிடறேன். ஆனா ஆள் வர ரெண்டு வாரம் ஆகும்பாங்க. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடாத."

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். குஞ்சுகள் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ரயில்வே கேட் மூடியிருந்தது. தற்செயலாக வண்டிக் கண்ணாடியில் பார்த்தார். நான்கு வண்டி தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள், அதன் மேல் ஒரு நீலத் தொப்பி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சங்கும் மணியும் சேர்ந்து கேட்கும் வட்டாரத்தில் மூடிய கம்பெனிகள் நான்கு, புகைபோக்கிகளும் நான்கு. படத்தில் தெரிந்த செங்கல்லை வைத்துப் புகைபோக்கி என்று ஊகித்திருப்பான்; எது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் பதறிக்கொண்டு ஓடுவான் என்பது மட்டும் தெரியும். கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாக அவரே அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

ஆட்காட்டிக் குருவி ஆளைக் கண்டால் கூட்டுப் பக்கம் போகாது. வேறெங்கோ இறங்கி, அங்கேதான் முட்டை இருப்பதுபோல் கத்தி ஊரை ஏமாற்றும். கேட் திறந்தது. வலப்பக்கம் போக வேண்டியவர் இடப்பக்கம் திரும்பி, பாழடைந்த சோப்புக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினார். தொலைநோக்கியால் அந்த வெறும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. அவன் மூக்கில் இருந்தது இவர் கடைக் கண்ணாடி. மூன்று மாதம் முன்பு இவரே காது அளவு பார்த்து வளைத்துக் கொடுத்தது. அப்படியானால் கடை தெரியும், கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீடும் தெரியும்.

"வணக்கம் சார். எங்க உங்க ராஜாளி?"

"அதோ... மேல. இப்ப உள்ள இருக்கும்."

"பரவாயில்ல, காத்திருப்போம். நாளைக்கும் வருவீங்கல்ல?"

வந்தார். வராமல் இருக்க முடியுமா? அவர் வரும்வரை அவனும் வந்தான். அவன் இங்கே நிற்கும்வரை குஞ்சுகள் அங்கே பிழைத்தன. தினமும் ஆறரைக்குக் கிளம்பி ஒன்பது வரை வெறும் செங்கல்லைப் பார்த்தார். அவன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். குடிக்கவும் பயம், மறுக்கவும் பயம். "தாய் வரவே காணோமே சார்" என்பான். "நம்மளப் பாத்து மிரளுது" என்பார். கூட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மனைவியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் தனக்குள்ளேயே போட்டுப் பூட்டிக்கொண்டார். நான்கு கிலோ இளைத்ததுதான் மிச்சம். "குருவி பாத்து நீங்களே குருவியாயிட்டீங்க" என்று அவள் சிரித்தாள்.

பதினோராம் நாள் அவன் வரவில்லை.

ஏழு மணிச் சங்கு ஊதியது. ஏழே கால், ஏழரை. தெருமுனையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஓட்டுக் கம்பெனிக்குப் போய்ப் பார்க்கலாமா? போனால், எங்காவது மறைந்து நின்று பின்னாலேயே வருவானோ? போகாவிட்டால், அவன் ஏற்கெனவே அங்கே இருந்தால்? காலை எடுத்து வைப்பார், பின்னால் இழுப்பார். எட்டு மணிக்குப் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க கூட்டாளி காலங்காத்தால கடைக்கு வந்திருந்தாரு. கண்ணாடி ஸ்க்ரூ லூசாம். முறுக்கிக் குடுத்தேன்."

"எந்தக் கூட்டாளி?"

"அதாங்க, நீலத் தொப்பி போட்டவரு. பத்து நாளா உங்ககூடதான் தினமும் நின்னு ராஜாளி பாக்கறாராமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ரொம்ப மரியாதையான மனுஷன். அந்த ஓட்டுக் கம்பெனிப் பக்கம் நாய்த் தொல்லை ஜாஸ்தியாச்சே, இவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

அவர் ஓட்டுக் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எப்போ... எப்போ கிளம்பினாரு?"

"ஆச்சு, முக்கால் மணி நேரம். ஏன், இன்னும் அங்க வந்து சேரலியா?"