தப்பான இடத்தில் துளை

மரத்துக்கு அடிக்கிற மருந்தின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த நடைபாலம்தான் ஞாபகம் வரும். கட்டி முடியும் முன்னே நான் அங்கிருந்து வந்துவிட்டேன், அது வேறு கதை. இல்லை, அதுதான் கதை.

மரத்தையெல்லாம் மருந்தில் ஊறவைத்துத்தான் கொண்டுவருவார்கள். ஆனால் மருந்து மேலாகத்தான் ஏறியிருக்கும். துளை போட்டால் உள்ளே வெறும் மரம் பல்லிளிக்கும். அப்படியே போல்ட்டை மாட்டினால் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும், வெளியே ராஜா மாதிரி நிற்கும். அதனால் துளை போடுகிறவர் பின்னாலேயே டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய், ஒவ்வொரு துளைக்குள்ளும் மருந்து தடவுவது என் வேலை. ‘டாக்டரம்மா’ என்று கிண்டல் செய்வார்கள்.

துளை போடுகிறவர் வாயில்லாப் பூச்சி. கை மட்டும் நூல் பிசகாது. அப்படிப்பட்டவர் திடீரென்று தப்பான இடத்தில் துளை போட ஆரம்பித்தார். தப்புத் துளைக்கு மருந்தை ஊற்றி, ஊறவிட்டு, மருந்தேறிய மரமுளையை இறுக்கி அடித்து அடைக்க வேண்டும். நான் உட்கார்ந்து அடித்து முடிக்கும்வரை மெஷினைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேஸ்திரி அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “இன்னொரு ஓட்டை தப்பாப் போச்சுன்னா வேற வேலை பாத்துக்கப்பா.” இந்தத் துளைக்காரர் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் தங்கைகளும்.

மறுநாள் கைப்பிடித் தூணில், பென்சில் குறிக்கு ஒரு சாண் தள்ளி, இன்னொரு துளை.

“உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டே மருந்தை ஊற்றினேன். முளை பாதி இறங்கும்போதே மேஸ்திரி தலைக்கு மேல் வந்து நின்றார். கையை நீட்டி மெஷினை வாங்கிக்கொண்டார்.

துளை போடுகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“உங்க வீட்ல வந்து பேசலாமா?”

அப்போதுதான் ஒவ்வொரு துளையும் எதற்கென்று எனக்கு விளங்கியது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இதக் கேக்க வேலையே போகணுமா? வாயத் தொறந்து கேட்டா என்ன?”

“நீங்க பக்கத்துல வந்தா வார்த்தையே வரலைங்க.”

கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பாதியில் விட்டால் தூண் மக்கிவிடும் என்று முளையை முழுசாக அடித்து முடித்தேன். பிறகு டப்பாவை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, பையோடு நின்றவரோடு நடந்தேன்.

வீடு போய்ச் சேருவதற்குள் பேச்சு வந்துவிட்டது அந்த மனுஷருக்கு. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. போன மழைக்காலத்தில் அவர் கண்ணை மூடியதிலிருந்துதான் வீடு இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.