காரணத்தை இருநூறு எழுத்துக்குள் எழுதவும்

ஐந்து மணிக்குள் பாடப்பிரிவை மாற்றியாக வேண்டும். இப்போது மணி நாலு இருபது.

பிரிட்டா ஹால்வர்சன் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தோடு போனில் இருந்தாள்.

"நர்ஸிங்லேர்ந்து வெளிய போறது ஈஸி கண்ணு," என்றாள் அலுவலகப் பெண். "திரும்பி உள்ள வர முடியாது. உன் சீட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பது பேர் நிக்கிறாங்க. வீட்ல பேசிட்டியா?"

பிரிட்டா போனை வைத்துவிட்டாள்.

அப்பா போய் ஐந்து வாரம். நரம்பு நோயில் மூன்று வருடம் படுக்கை. அவருக்கு ஊட்டியதும் துடைத்ததும் பிரிட்டாதான். 'நர்ஸிங் ஏன்?' என்ற விண்ணப்பக் கட்டுரையை அவள் இப்படித்தான் ஆரம்பித்திருந்தாள்: 'அப்பா கட்டிலருகே இருக்கும் மணியை அடித்தால் ஓடுவேன்.' அம்மா லோர்னா அந்த வரியை அப்படியே உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்பில் போட்டுவிட்டாள். பிரிட்டாவின் பெயருக்குப் பக்கத்தில், 'நர்ஸிங் சேரப்போகும் மகள்'. அன்றிலிருந்து பெட்ரோல் பங்க்கில்கூட 'வாம்மா நர்ஸு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

திரையில், மாற்றப் படிவத்தின் காரணக் கட்டம் காத்திருந்தது. 'ஆர்வம் மாறிவிட்டது' என்று தட்டினாள். அழித்தாள்.

கதவு திறந்தது. லோர்னா பூட்ஸிலிருந்து பனியை உதறினாள். பள்ளி பஸ் ஓட்டுபவள்.

"அம்பது குரங்குகளை வீட்டுவீடா இறக்கிவிட்டுட்டு வரேன். ஒரு காபி போட்டு வைக்கக் கூடாதாடி?" என்றபடி வந்தவள் திரையைப் பார்த்தாள். குரல் மாறியது. "என்ன இது?"

"நர்ஸிங் வேண்டாம்மா."

"ஊருக்கே சொல்லியாச்சு!"

"நீ சொன்னே."

"உங்கப்பா அந்தக் கட்டுரையை வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் காட்டினாரு. உன்னை விட்டா யாருடி நர்ஸு? கூப்பிட்ட குரலுக்கு ஓடினவளாச்சே!"

"ஓடலைம்மா."

"என்ன?"

"கடைசி நாள். நீ பஸ்ல இருந்தே. மணி அடிச்சாரு. மாடிப்படியில உக்காந்திருந்தேன். காலையிலேர்ந்து இருபது தடவை போயிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாம்னு காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் மணி நின்னுடுச்சு. தூங்கிட்டாருன்னு நினைச்சேன்."

அடுப்படிக் கடிகாரம் நாலு ஐம்பத்தொன்றைக் காட்டியது. லோர்னா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை அடிச்சாரு?"

"அம்மா..."

"எத்தனை தடவைன்னு கேட்டேன்."

"மூணு."

லோர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'உன் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை வரும் என்று பிரிட்டா காத்திருந்தாள். நாலு ஐம்பத்தாறு ஆயிற்று. வரவில்லை.

"அடுத்து எந்தப் படிப்பு?" என்றாள் லோர்னா, சுவரைப் பார்த்தபடி.

"முடிவு பண்ணலை. 'தீர்மானிக்கவில்லை'ன்னு ஒண்ணு இருக்கு."

"அதைப் போடு. நேரமாகுது."

காரணக் கட்டத்தில் பிரிட்டா 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிப் பொத்தானை அழுத்தினாள். மாற்றம் ஏற்கப்பட்டதாக நொடியில் பதில் வந்தது. நாற்பது பேரில் யாரோ ஒருத்தி எங்கோ துள்ளிக் குதிப்பாள்.

நிமிர்ந்தபோது எதிர் நாற்காலியில் அம்மா இல்லை. கோட்டும் பூட்ஸுமாக லோர்னா மாடிப்படியின் கீழே நின்று, அங்கிருந்து அப்பாவின் அறைக்கதவு எத்தனை அடி தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.