மூலை மேசை

காலையிலிருந்து ஊரைச் சுற்றியிருக்கும் கோட்டை மதிலைச் சுற்றியாயிற்று, கோபுரம் ஏறியாயிற்று, பழைய காலத்துச் சித்திரவதைக் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பாழாய்ப்போன அருங்காட்சியகத்தையும் பார்த்தாயிற்று. வீப்கேவுக்குக் கால் கடுத்தது. அதைவிட எரிச்சல் அதிகம். விடுமுறை என்று ஹாம்பர்கிலிருந்து கூட்டிவந்த கணவன் கேர்னோட், பிறந்த ஊரைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரே சந்து வழியாகவே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தான். சந்து முனையில் இருந்த மதுவிடுதிக்குள் மட்டும் நுழையவில்லை.

அங்கேதான் அவன் அண்ணன் கிலியான் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருப்பான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் மலம் அள்ளிக் கொட்டியவன் கிலியான். கேர்னோட்டுக்கு வேலை, கூட்டம், பயணம். அடக்கத்துக்கும் அவன் வரவில்லை, மலர்வளையம்தான் வந்தது. இப்போது அண்ணன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும் அவனுக்கு. திட்டினாலும் சரி.

"உள்ள போறதுன்னா போ, இல்லேன்னா வண்டியை எடு. இந்தக் கல்லு ரோட்டுல இனிமே ஒரு அடி வைக்கமாட்டேன்."

"கத்தாதே வீப்கே. எல்லாரும் பாக்கறாங்க."

"காலையிலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தராவது உனக்கு வணக்கம் சொன்னாங்களா?"

உண்மைதான். ரொட்டிக்கடைக்காரி அவனைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். மதிலுக்குள்ளேயே பிறந்து மதிலுக்குள்ளேயே சாகிற ஜென்மங்கள் என்று வீப்கே மனசுக்குள் கருவினாள்.

கடைசியில் உள்ளே போனார்கள். மூலையில் பெரிய வட்ட மேசை, ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஆளுக்கொரு பீர்க் குவளையோடு. வழக்கமாக வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. வருகிறவன் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவான். இருப்பவர்கள் திருப்பித் தட்டினால் அவனும் அவர்களில் ஒருவன். கிளம்புகிறவனும் அதே மாதிரி தட்டிவிட்டுத்தான் எழுந்து போவான்.

கேர்னோட் தட்டினான். ஒரு கையும் அசையவில்லை.

ஊர் வழக்கம் தெரிந்தவன் அதோடு திரும்பியிருக்க வேண்டும். அவனோ காலியாக விட்டிருந்த அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நான்தான்."

கிலியான் குவளையையே பார்த்தான். பக்கத்தில் இருந்த கிழவர் மூக்கை உறிஞ்சினார். "யாருப்பா இது, டூரிஸ்டா?"

"உனக்குத் தெரியாதா? ஹாம்பர்க் தொரை. யாராச்சும் செத்தா தபால்ல பூ அனுப்புவாரு," என்றார் இன்னொருவர். மேசையே சிரித்தது.

வீப்கேவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை பேசிட்டா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

கிலியான் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மிச்சமிருந்த பீரை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு விரல் முட்டியால் மேசையைத் தட்டினான்.

கேர்னோட்டின் முகம் மலர்ந்தது. "அண்ணே..." என்று கையை நீட்டினான்.

கிலியான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான். அவன் பின்னாலேயே கிழவரும் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். பாதி பீரோடு குவளைகள் அப்படியே நின்றன.

பரிமாறுகிற மார்கா குவளைகளை அள்ளிக்கொண்டு, ஈரத்துணியால் மேசையைத் துடைத்தாள்.

"இப்ப தாராளமா உக்காருங்க. மேசை பூரா உங்களுக்குத்தான். என்ன சாப்பிடறீங்க?"