அலுமினிய ஜிப்

அடித்துணியில் குண்டூசியை நடுவிலிருந்துதான் குத்த வேண்டும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்தால் மறு ஓரத்தில் துணி மிஞ்சும். மிஞ்சியது மடிப்பாகும். மடிப்பின் மேல் ஊசி ஓடினால் போர்வை வீண். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு போர்வைகளை வீணாக்கித் தெரிந்துகொண்டேன்.

மரக்காணத்தில் உப்பளத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. சுனாமிக்குப் பிறகு, பெண்களுக்கு வேலை தருகிறோம் என்று யாரோ வெளிநாட்டுக்காரர்கள் பழைய லாங் ஆர்ம் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டடி இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் உருளைகள், நடுவே கழுத்து நீண்ட தையல் மெஷின். ஒவ்வொரு உருளையிலும் கெட்டியான கேன்வாஸ் பட்டை ஒன்று நிரந்தரமாக ஒட்டியிருக்கும். அதற்கு லீடர் என்று பெயர். மெத்தைப் போர்வையின் அடித்துணியை ஒரு லீடரிலிருந்து இன்னொரு லீடருக்கு இழுத்துப் பிடித்தால்தான், மேலே பஞ்சும் மேல்துணியும் போட்டுத் தைக்க முடியும். அந்த இழுத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது.

தைக்கிற பெண்கள் ஐந்தரைக்குப் போய்விடுவார்கள். நான் ஆறு மணிக்கு வருவேன். முடிந்த போர்வையைக் கழற்றிவிட்டு அடுத்த அடித்துணியைக் குண்டூசியால் லீடரில் குத்துவேன். மேலே நூறு, கீழே நூறு. மூன்று மணி நேரம் ஆகும். அப்புறம் அங்கேயே காவலுக்குப் படுத்து, விடிந்ததும் கிளம்பிவிடுவேன். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவனுக்கு இது போதும்.

மெஷின் ஓட்டுகிறவள் பெயர் மேரிசெல்வி. அவளை நான் பார்த்ததில்லை. சட்டத்தின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுப் போவாள்.

‘இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம். கண்ணு தெரியலியா, குண்டூசி?’

நான் கீழே எழுதுவேன். ‘உன் நூல் டைட். அடியில முடிச்சு விழுது. என் தலையில போடாத.’

மறுநாள் பதில் இருக்கும். ‘முடிச்ச அவுத்துட்டேன். உன் கோணல யாரு நிமுத்துறது?’

ஒரு நாள் ‘மழை வரும்போல இருக்குது’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்து ‘ஆமா’ என்று எழுதினேன். அந்தச் சட்டத்தைத் தவிர என்னிடம் பேச யாரும் கிடையாது. டீக்கடை இருசப்பன்கூட கிளாஸை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

2006 மாசியில் அருள்மொழி அக்கா ஒரு சாயங்காலம் வந்தார். வானூரிலிருந்து வந்து கொட்டகையை நடத்துகிறவர். கையில் இரண்டு ஜிப் சுருள்.

“பாலகுரு, இத்த பாரு. ஜிப்போட ஒரு பாதிய லீடர்லயே தச்சிடலாம். இன்னொரு பாதி அடித்துணில. சர்ருனு இழுத்தா அஞ்சு நிமிஷம். பொண்ணுங்களே மாட்டிக்குவாங்க.”

“அப்ப நான்?”

அக்கா சுருளைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு மாசம் பாப்பம். நல்லா வந்துச்சுன்னா நீ வேற எங்கனா பாத்துக்கப்பா. காவலுக்கு ஒரு பூட்டு போதும்.”

முன்பு ஒரு தடவை பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் கீறி, கிளிப் மாதிரி கவ்வ வைத்துப் பார்த்தோம். இழுத்ததும் துணி வழுக்கி வந்துவிட்டது. ஜிப் அப்படி வழுக்காது. அது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

“நீ படிச்ச பையன். எது போடலாம் சொல்லு. நைலானா, அலுமினியமா? வேணாங்கறத கடையில திருப்பிக் குடுத்துடலாம்.”

இதற்கு முன்னால் நான் உப்பளத்தில் ராத்திரி மோட்டார் ஓட்டினவன். என் காலேஜ் பையின் அலுமினிய ஜிப்பில் ஒரே கோடையில் வெள்ளைப் பொடி பூத்து, பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் பை கிழியும், ஜிப் நகராது. இன்றைக்கும் அந்தப் பை வாயைத் திறந்துகொண்டுதான் ஆணியில் தொங்குகிறது. இந்தக் காற்றுக்கு நைலான்தான் நிற்கும்.

“அலுமினியம்க்கா,” என்றேன். “இழுப்புக்குத் தாங்கும்.”

ஜிப் நகராமல் பிடித்துக்கொண்டால் குண்டூசி திரும்பி வரும். நானும் இருப்பேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

லீடரில் ஜிப்பைத் தைத்துக் கொடுத்ததும் நானேதான். அதன் பிறகு ஆறு மணிக்கு நான் வரும்போதே அடுத்த அடித்துணி விறைப்பாக ஏறியிருக்கும். ‘இனிமே உனக்கு இன்னா வேல? தூங்கு’ என்று மேரிசெல்வி எழுதியிருந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் வந்தபோது லீடர் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா மேஜை மேல் ஒரு போர்வையை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இதப் பாரு. கழட்டும்போது ஜிப்பு பாதியில புடிச்சிக்கிச்சு. மேரிசெல்வி முரட்டுத்தனமா இழுத்திருக்கா. தச்சி முடிச்ச போர்வ, ஒரு முழம் கிழிஞ்சி போச்சு.”

நான் ஜிப்பைத் தொட்டேன். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

“உப்புக் கைப்பா அவளுது. விடியக்காத்தால அளத்துல உப்பு வாரிட்டு அப்படியே இங்க வர்றா. சோப்பு போட்டுக் கழுவுடின்னு எத்தினி வாட்டி சொல்றது? நாளைலருந்து வராதன்னு சொல்லிட்டேன்.”

உப்பு அவள் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்.

“தைக்கிற பொண்ணுங்கள்ல அந்த ஜெயா மெஷின் ஓட்டட்டும். குண்டூசிக்கே போயிடுவம்,” என்றார் அக்கா. “நீ இரு.”

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்து அளத்து வரப்பு வழியாகப் போனேன். பாவாடை என்கிற மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். “ஏய் மேரிசெல்வி, அந்தப் பாத்திய முடி! வெயில் ஏறுது!”

ஒரு பெண் நிமிர்ந்தாள். புடவை மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை. வரப்போரம் போய் நின்றேன்.

“நான் பாலகுரு. கொட்டாயில…”

“குண்டூசியா?” சிரித்தாள். “இத்தினி உயரமா இருக்கிற. அப்புறம் ஏன் எல்லாத்தையும் இறக்கமாவே குத்துற?”

நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

“அக்காகிட்ட நான் அன்னிக்கே சொன்னேன். இந்தக் காத்துக்கு அலுமினியம் நிக்காதுக்கான்னு. பாலகுருவே சொல்லிட்டான், அவன் பாலிடெக்னிக்குன்னாங்க.” உப்பு வாரும் பலகையைச் சேற்றில் ஊன்றினாள். “நீ இங்க மோட்டார் ஓட்டினவன்தான? உனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றிருந்தால், படித்த முட்டாள் என்று கிண்டல் பண்ணிவிட்டு விட்டிருப்பாள்.

“தெரியும்,” என்றேன்.

“வேலைக்காகவா?”

“ஆமா.”

அது பாதிதான். மீதி, சட்டத்தின் ஓரத்துச் சாக்பீஸ் எழுத்துக்காக. அதைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

“அக்காகிட்ட சொல்லுவியா?” என்று கேட்டாள்.

நான் மேஸ்திரி நின்ற பக்கம் பார்த்தேன்.

“போ,” என்றாள். பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியின் அந்தக் கோடிக்குப் போனாள். அங்கிருந்து வாரிக்கொண்டு வந்தவள், நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா வந்திருந்தார். நூல் பெட்டிகளை எண்ணி வைத்துவிட்டுப் போனார். நான் எதுவும் சொல்லவில்லை. நடுவிலிருந்து குத்த ஆரம்பித்தேன். மேலே நூறு, கீழே நூறு. இடது பக்கம் வந்ததும் வேண்டுமென்றே அரை இஞ்ச் இறக்கிக் குத்தினேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் போய் விளக்கைப் போட்டு முதலில் சட்டத்தைப் பார்த்தேன். எதுவும் எழுதியிருக்கவில்லை. ஜெயா அந்தக் கோணல் மேலேயே தைத்து முடித்திருந்தாள்.